வாயில் ஊறும் நீர்

(மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்றில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்லைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். நான் எச்சிலைப் பற்றிப் பேசப் போகிறேன். அறுபதைத் தாண்டி என்னிடம் வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு பல்லில் தொடங்கியிருக்காது. வாய் வறண்டதில் தொடங்கியிருக்கும். அதை அவர்களாக வாய்விட்டுச் சொல்வதில்லை. "பல்செட் நிக்க மாட்டேங்குது டாக்டரம்மா" என்பார்கள். "காரம் துளிகூடத் தாங்கல, நாக்கு எரியுது" என்பார்கள். "மோர் ஊத்திக் கரைச்சாத்தான் சோறு இறங்குது" என்பார்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறீர்களா என்று நான் தூண்டிக் கேட்டால், "ஆமா, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது, வயசாச்சுல்ல" என்று பதில் வரும். வயதாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டிய விஷயம் இல்லை இது. பெரும்பாலும் காரணம் கண்டுபிடிக்கலாம், ஏதாவது செய்யவும் செய்யலாம்.

முதலில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வோம். நாக்கு நுனியை மேல்வரிசைக் கடைவாய்ப் பக்கம் கொண்டுபோங்கள். பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவுங்கள். ஞானப்பல்லுக்கு முந்தைய பல்லுக்கு நேராக ஒரு சின்ன மேடு தட்டுப்படும். சிலருக்கு உடனே கிடைக்கும், சிலர் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். காதுக்கு முன்னால் தாடை வளைவில் இருக்கிற பெரிய சுரப்பியின் குழாய் அங்கேதான் வாய்க்குள் திறக்கிறது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பிக் கிடந்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். அன்று வீங்கியது இந்தச் சுரப்பிதான்.

அந்தக் குழாயைக் கண்டுபிடித்தவர் நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் மாணவர். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆட்டுத் தலையை வாங்கி வந்து தனியே அறுத்துப் பார்த்தார். கையிலிருந்த மெல்லிய கம்பியை ஒரு குழாய்க்குள் விட்டுத் தள்ளினார். கம்பியின் முனை எதிலோ இடித்துச் சத்தம் கேட்டது. இடித்தது பல்லில். காதோரச் சுரப்பிக்கும் வாய்க்கும் வழி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு அப்போது வயது 22. இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்தக் குழாயை அவர் பெயரில்தான் படிக்கிறார்கள். பிற்காலத்தில் பாறை அடுக்குகளை ஆராய்ந்து நிலவியலுக்கு அடிப்படை போட்டவரும் இவரேதான்.

காதோரம் இருக்கிற இந்தச் சுரப்பி போக, தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் பொடிப்பொடியாகப் பல நூறு. காதோரச் சுரப்பி, சாப்பிடும்போது நீர்த்த எச்சிலைப் பாய்ச்சும். நாக்கடிச் சுரப்பியில் வருவது கொழகொழப்பானது. சும்மா இருக்கும்போது வாயில் இருக்கிற ஈரத்தில் பெரும்பகுதி தாடையடிச் சுரப்பியின் உபயம். எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. ஊறுவதும் தெரியாது, விழுங்குவதும் தெரியாது. தூங்கும்போது மட்டும் கிட்டத்தட்ட நின்றே போகும். காலையில் எழுந்ததும் வாய் நாறுவதற்கு அதுதான் காரணம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இந்த நீரில் 99 சதவீதம் வெறும் தண்ணீர். மிச்சமிருக்கிற அந்த ஒரு சதவீதத்தில்தான் எல்லா வேலையும் நடக்கிறது.

இன்று ராத்திரி வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். குழம்பு எதுவும் ஊற்றாமல் ஒரு வாய் வெறும் சோற்றை எடுத்து, விழுங்காமல், மெதுவாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இலேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கிற அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவதால் வருகிற இனிப்பு அது. மனிதரில் இந்த நொதிக்கான மரபணு எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக மாவுச்சத்தை நம்பி வாழ்ந்த மக்களிடம் அதன் பிரதிகள் சராசரியாக அதிகம் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சோறு தின்கிறவர்களின் பரம்பரைச் சொத்து எச்சிலிலும் இருக்கிறது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

ருசிக்கும் எச்சில்தான் வழி. உப்போ சர்க்கரையோ நீரில் கரைந்தால்தான் நாக்கின் சுவை மொட்டுக்குப் போய்ச் சேரும். வாய் வறண்டவருக்கு எதுவும் ருசிக்காது. அப்போது உப்பைக் கூடக் கூடப் போட்டுக்கொள்கிறார்கள். பிரஷர் இருக்கிறவர் உப்பைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் தாத்தா திடீரென்று "இன்னிக்குச் சாம்பார்ல உப்பே இல்ல" என்று தினமும் சொல்ல ஆரம்பித்தால், சமைத்தவர் மேல் கோபித்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளாமல், ஒருமுறை அவர் வாயைத் திறந்து பாருங்கள்.

இனி பல்லுக்கு வருகிறேன். ஒரு வாய் காபி குடிக்கிறோம், ஒரு பிஸ்கட் தின்கிறோம். பல்லில் ஒட்டியிருக்கிற கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகின்றன. சில நிமிடங்களில் பல்லைச் சுற்றி அமிலம் ஏறிவிடுகிறது. அமிலம் ஏற ஏற அதைக் காட்டும் pH எண் இறங்கும்; அது சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். 1940களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் இதை அளந்து வரைபடமாகப் போட்டுக் காட்டினார். கோடு சரேலென்று கீழே விழுகிறது, பிறகு அரை மணி, முக்கால் மணி நேரத்தில் மெல்ல மேலே ஏறுகிறது. அப்படி ஏற்றிக் கொடுப்பது எச்சில். அதிலிருக்கிற பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் மறுபடி படிந்து எனாமலை அடைக்கின்றன. சொத்தை என்பது ஒரே நாளில் விழுகிற ஓட்டை இல்லை. கரைவதும் படிவதும் நாள் முழுக்க மாறி மாறி நடக்கிறது. கரைவது மிஞ்சினால் சொத்தை.

தூக்கத்தில் எச்சில் நின்றுபோகும் என்று சொன்னேன் அல்லவா? படுக்கும் முன் பாலில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு அப்படியே படுத்தால், அந்த அமிலத்தை முறிக்க வாயில் ஆளில்லை. ராத்திரி பல் துலக்குங்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான். காலையில் துலக்குவதைவிட எனக்கு ராத்திரித் துலக்கல்தான் முக்கியம்.

கிருமியை அடக்கும் பொருள்களும் எச்சிலில் இருக்கின்றன. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு 1922இல் லைசோசைம் என்ற ஒன்றை உலகுக்குச் சொன்னார். கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் எச்சிலிலும் இருக்கிறது, பாக்டீரியாவின் சுவரை உடைக்கிறது. பூஞ்சையை அடக்குகிற ஹிஸ்டாட்டின் என்ற புரதமும் உண்டு. உடம்பில் செல்கள் வளரத் தூண்டுகிற ஒரு காரணியை ஸ்டான்லி கோஹன் முதன்முதலில் பிரித்தெடுத்தது சுண்டெலியின் எச்சில் சுரப்பியிலிருந்துதான். அந்த வழியில் செய்த பணிக்கு 1986இல் ரீட்டா லெவி மொன்டால்சினியோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைக் கேட்டுவிட்டு நாய் புண்ணை நக்கினால் ஆறும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெறிநாய்க்கடி நோயின் கிருமி பயணம் செய்வதே எச்சிலில்தான். நாய் கடித்தாலும், கீறலிலோ புண்ணிலோ நாக்கு வைத்தாலும், பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

இந்தச் சுரப்பிகளுக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது? நரம்பிலிருந்து. ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களின் எச்சில் குழாயை வெளியே திருப்பி வைத்து, சாப்பாடு வருகிற அடையாளம் தெரிந்ததுமே எச்சில் ஊறுவதைச் சொட்டுச் சொட்டாக எண்ணினார். ஊறுகாய் ஜாடியைத் திறக்கிற சத்தத்துக்கே நமக்கு ஊறுகிறது, அதேதான். பயம் வந்தால் எதிர்மாறாக நடக்கும், நாக்கு உலர்ந்துவிடும். பழைய காலத்தில் இந்தியாவில் குற்றம் சாட்டப்பட்டவரை உலர்ந்த அரிசியை மென்று துப்பச் சொல்லும் சோதனை ஒன்று இருந்தது. துப்பின அரிசியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பயந்தவனுக்கு எச்சில் ஊறாது என்பது உண்மைதான். நிரபராதியும் பயப்படுவான் என்பதும் உண்மை. அந்தச் சோதனையில் எத்தனை அப்பாவிகள் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

நரம்பின் கட்டளையை மருந்தால் கூட்டவும் முடியும், நிறுத்தவும் முடியும். நம் வட்டார அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது கண்கூடு. பூச்சிமருந்தைக் குடித்தவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாயிலிருந்து எச்சில் ஆறாக வழியும், நெஞ்சில் சளி கட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். நரம்பின் கட்டளையைத் துடைத்தெறிகிற நொதியை அந்த விஷம் முடக்கிவிடுவதால் சுரப்பி ஓயாமல் சுரக்கிறது. அதற்கு அட்ரோபின் ஊசி. நெஞ்சு உலர்கிறவரை, அக்குள் உலர்கிறவரை திரும்பத் திரும்பப் போடுவார்கள். அதே அட்ரோபின் நம் தெருவோரத்து ஊமத்தையிலும் இருக்கிறது. ஊமத்தங்காயைத் தெரியாமல் தின்ற குழந்தைக்கு வாய் காய்ந்து, முகம் சிவந்து, பிதற்றல் வருவது அதனால்தான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. உங்கள் மாத்திரை டப்பாவில் ஊமத்தையின் தூரத்து உறவினர்கள் சிலர் இருக்கக்கூடும். மூக்கு ஒழுகுவதற்கும் அரிப்புக்கும் கொடுக்கிற பழைய ரக அலர்ஜி மாத்திரை. நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின். அடிக்கடி சிறுநீர் வருவதை அடக்கக் கொடுக்கிற மாத்திரை. நடுக்கத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள். இவையெல்லாம் எச்சில் நரம்பின் கையைக் கட்டிவிடுகின்றன. பிரஷருக்குக் கொடுக்கிற நீர் மாத்திரை வேறு வழியில் உடம்பின் நீரை இறக்குகிறது. ஒன்றிருந்தால் ஒருவேளை சமாளிக்கலாம். நான்கைந்து சேர்ந்தால் வாய் காயாமல் என்ன செய்யும்? ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மருத்துவர் எழுதியிருப்பார். மொத்தமாக ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

வயதானால் எச்சில் ஓரளவு குறையலாம். ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற அளவிலான வறட்சிக்கு வயது மட்டும் காரணமாவது அரிது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதிருக்கலாம். மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடலாம். சிலருக்கு, முக்கியமாக நடுத்தர வயதுப் பெண்களுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்குகிற நோய் வரும். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் விரிவாக எழுதியதால் அவர் பெயரில் வழங்குகிறது. வாயும் காய்ந்து, கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தலும், மூட்டு வலியும் சேர்ந்திருந்தால் அதைச் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம். ஊறும் எச்சிலில் கிட்டத்தட்டப் பாதி குறைந்த பிறகுதான் ஒருவருக்கு வாய் வறளுகிறது என்ற உணர்வே வரும். நீங்கள் சொல்ல ஆரம்பிக்கும்போதே பாதி போயிருக்கும். எங்களுக்கு அது நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே தெரிந்துவிடும். கன்னத்தை விலக்க வைக்கிற கண்ணாடி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வறண்ட வாயில் அது கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது தோலும் கூடவே வரும். நாக்கு மழமழவென்று இருக்கும், அல்லது வெடித்திருக்கும். வழக்கமாகச் சொத்தை விழாத இடத்தில், ஈறோரமாகப் பல்லின் கழுத்தில், பழுப்பாக அரித்திருக்கும். பல்செட்டுக்கு அடியில் பூஞ்சை பிடித்துச் சிவந்திருக்கும்.

வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டவர்களின் பாடு இன்னும் கடுமை. இந்திய ஆண்களுக்கு மிக அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். கதிர்வீச்சு கட்டியை எரிக்கும்போது வழியில் இருக்கிற எச்சில் சுரப்பியையும் வாட்டிவிடுகிறது. இப்போது சுரப்பியை முடிந்தவரை ஒதுக்கிவிட்டுக் கதிரைப் பாய்ச்சும் முறை வந்திருக்கிறது, நல்ல பலன் தருகிறது. இருந்தாலும் பலருக்கு எச்சில் பழையபடி திரும்புவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். எடுக்க வேண்டிய பல்லை இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே எடுத்து, புண் ஆற விட வேண்டும். கரண்ட் வைத்த தாடையில் பின்னால் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து இருக்கிறது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "எனக்குக் கரண்ட் வெச்சிருக்கு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாச் சீட்டையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போய், "இதுல வாயைக் காய வைக்கறது எது, மாத்த முடியுமா, குறைக்க முடியுமா, காலையில போட்டுக்கலாமா" என்று கேளுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள் வாயை நனைத்துக்கொண்டால் போதும். பல் இருக்கிறவர்கள் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம், மெல்லுவதே சுரப்பிக்குத் தூண்டுகோல். புளிப்பு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள். வறண்ட வாயில் அந்தச் சர்க்கரையும் புளிப்பும் பல்லை அரித்தே விடும். ஃபுளோரைடு பற்பசை, ராத்திரி தவறாமல். பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். சுரப்பியைத் தூண்டும் பைலோகார்பின் என்ற மாத்திரையும் இருக்கிறது, தென் அமெரிக்கச் செடியொன்றிலிருந்து 1875இல் பிரித்தது. ஆஸ்துமாவோ கண்ணில் சிலவகை நீர் அழுத்தமோ இருந்தால் ஆகாது. மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

"வெத்தலை பாக்குப் போட்டா வாய் ஊறுதே டாக்டரம்மா" என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். ஊறும், பாக்கிலிருக்கிற அரிகோலினுக்கு அந்த வேலை தெரியும். ஆனால் அதே பாக்கு கன்னத்துச் சதையை இறுக்கி வாயைத் திறக்க முடியாமல் செய்கிறது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்லிவிட்டது. வறட்சிக்கு மருந்தாக அதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, எச்சில் ஒழுகுகிறவர்களைப் பற்றி. பக்கவாதம் வந்து வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டவர்கள், பார்க்கின்சன் நோயால் உடம்பு விறைத்தவர்கள், மூளை வளர்ச்சிக் குறையோடு பிறந்த குழந்தைகள். இவர்களில் பெரும்பாலோருக்கு எச்சில் அதிகமாக ஊறுவதில்லை. பார்க்கின்சன் நோயாளிக்கு மற்றவர்களைவிடக் குறைவாகக்கூட ஊறலாம். நாம் நம்மை அறியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கிறோமே, அந்த விழுங்கல் அவர்களுக்கு மந்தமாகிவிட்டது, அல்லது உதடு சரியாக மூடவில்லை. ஊறினது உள்ளே போகாமல் வெளியே வருகிறது. அழுக்கும் இல்லை, அசட்டையும் இல்லை, அவர்கள் புத்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்பிள்ளையை மடியில் கொடுக்கத் தயக்கம், விருந்தாளி வந்தால் உள்ளறையில் உட்கார வைப்பது. ஒரு பெரியவர் என்னிடம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே பேசினார், நான் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

இதற்கும் வழி இருக்கிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாங்கிக் கொடுத்தாலே குறையும். பேச்சுப் பயிற்சியாளரிடம் போனால் உதடு மூடவும் விழுங்கவும் பயிற்சி தருவார்கள். ஒழுகலைவிட எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவதுதான் ஆபத்து என்பதால் இந்தப் பயிற்சி அவசியம். நன்றாக மென்று விழுங்க முடிகிறவர் என்றால், நாலு பேரைப் பார்க்கப் போகும் முன் சூயிங்கம் மெல்லலாம், அது விழுங்கவும் நினைவுபடுத்தும். மிகவும் தொல்லை கொடுத்தால் சுரப்பிக்குள்ளேயே போடுகிற ஊசி இருக்கிறது, சில மாதம் தாங்கும். உலர்த்தும் மாத்திரைகளும் உண்டு, ஆனால் வயதானவர்களுக்கு அவை ஞாபகக் குழப்பம் தரலாம் என்பதால் நரம்பு மருத்துவர் யோசித்துத்தான் எழுதுவார். குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒன்றரை வயது வரை ஒழுகுவது இயல்பு, நாலு வயதுக்கு மேலும் ஒழுகினால் காட்டுங்கள்.

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். அரை மணி நேரம் கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டுவந்திருக்கிறவர்கள் முதலில் வாருங்கள். வீட்டில் படுத்திருக்கிறவர்களுக்காகக் கேட்க வந்திருக்கிற மருமகள்களும் தயங்காமல் முன்னால் வரலாம்.